பழைய ஐபோன் 7, பெரிய பேட்டரி, வேலூர் வெயில்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போய்விடலாம். ஐபோன் 7க்கு "ஹை கெபாசிட்டி" என்று விற்கிற பேட்டரி நல்ல சரக்குதான், மாற்றிக் கொடுத்த கடைக்காரர் வேலை தெரிந்தவர்தான், கொடுத்த காசுக்கு வஞ்சனை இல்லை. ஆனால் மாற்றிய மறுநாள் "அட, போன் புதுசாகிவிட்டதே" என்று ஒரு சந்தோஷம் வருகிறதே, அதில் பெரும்பங்கு பேட்டரி புதுசு என்பதால் வருவது. பேட்டரி பெருசு என்பதால் வருவது கொஞ்சம்தான். இந்த வித்தியாசத்தை எந்தக் கடையும் தானாகச் சொல்லாது, சொன்னால் பெரிய எண் அச்சடித்த பேட்டரி விற்காது.

ஐபோன் 7 வந்தது 2016இல். ஐஓஎஸ் 15க்கு மேல் ஏறாது. இன்னும் ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கிற பதில், சட்டைப் பையில் அடங்குகிறது, கைரேகை பட்டன் இருக்கிறது, ஒரு கையால் பிடித்து வேலை முடிகிறது என்பதுதான். வேலைக்காகக் காட்பாடி, ராணிப்பேட்டை சிப்காட், வாலாஜா, ஆற்காடு என்று பகல் முழுக்க வண்டியில் சுற்றுகிறவன் நான். மேப், பேமென்ட், நடுவில் லேப்டாப்புக்கு ஹாட்ஸ்பாட். இதெல்லாம் இந்தப் போனே பார்த்துக்கொள்கிறது. பேட்டரி மட்டும்தான் தகராறு. செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த், அதாவது புதுசில் பிடித்த சார்ஜில் இப்போது பிடிக்கிற பங்கு, 78 சதவீதம், பக்கத்தில் சர்வீஸ் செய்யச் சொல்லி ஒரு வரி. 30 சதவீதம் சார்ஜ் இருக்கும்போதே கேமரா திறந்தால் பட்டென்று அணைந்துவிடும், மறுபடி சார்ஜரில் செருகினால் அதே 30ஐக் காட்டும்.

இது பேய் வேலை இல்லை. லித்தியம் பேட்டரி வயதாக ஆக அதன் உள்தடை ஏறுகிறது. கேமரா, ஃபிளாஷ் என்று போன் திடீரென்று அதிகக் கரண்ட் கேட்கும்போது வோல்டேஜ் சட்டென்று சரிகிறது, குறைந்தபட்சத்துக்குக் கீழே போனதும் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுகிறது. இதைத் தவிர்க்கத்தான் பழைய பேட்டரி உள்ள போன்களின் வேகத்தை ஆப்பிள் சத்தமில்லாமல் குறைத்தது, 2017 டிசம்பரில் மாட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டது, இந்தியாவில் 6,500 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்த பேட்டரி மாற்றத்தை ஒரு வருடத்துக்கு 2,000 ரூபாயும் வரியும் என்று இறக்கியது. அந்த வேகக் குறைப்பு ஐபோன் 7க்கும் உண்டு. அதனால் புதுப் பேட்டரி போட்டதும் போன் வேகமாக ஓடினால், "பெரிய பேட்டரி போட்டேன், ஸ்பீடு ஏறிடுச்சு" என்று யாராவது சொன்னால், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். சாதாரண அளவு பேட்டரி போட்டிருந்தாலும் அந்த ஸ்பீடு வந்திருக்கும்.

அப்புறம் நம்ம ஊர் வெயில். இந்தப் போனை 0 டிகிரியிலிருந்து 35 டிகிரி வரை உள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது கம்பெனி. அதற்கு மேல் போனால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம் என்கிறது. வேலூரில் சித்திரை, வைகாசியில் 40ஐத் தாண்டுவது செய்தியே இல்லை, கம்பெனி சொல்லும் உச்ச வரம்பைக் காலை டிபன் முடிவதற்குள்ளேயே தொட்டுவிடுகிறோம். வண்டி ஹேண்டிலில் போனை மாட்டி, வெயிலில் மேப் ஓடவிட்டு, பவர் பேங்கிலிருந்து சார்ஜும் ஏற்றிக்கொண்டு போகிறவர்களை ஆற்காடு ரோட்டில் தினமும் பார்க்கலாம், ஒரு பேட்டரியைக் கொல்ல அதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. 500 முறை முழு சார்ஜ் ஏறி இறங்கினாலும் 80 சதவீதம் மிச்சமிருக்கும் என்பது குளிர் ஊர்க் கணக்கு.

சரி, கடைக்கு வருவோம்.

வேலூரில் போன் ரிப்பேருக்குப் பஞ்சமில்லை. லாங் பஜார் பக்கம், ஆபீசர்ஸ் லைன், பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, எங்கு திரும்பினாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் டிஸ்ப்ளே தொங்கும். காந்தி ரோடு, சிஎம்சி ஆஸ்பத்திரிப் பக்கத்துக் கடைகள் தனி ரகம். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் வாரக்கணக்கில் தங்குகிறவர்கள்தான் அங்கே வாடிக்கை, பலகையிலேயே பங்களா எழுத்து இருக்கும், பையன்கள் இந்தி சரளமாகப் பேசுவார்கள். ஊருக்குத் தினமும் நாலு தடவை போன் பண்ண வேண்டிய ஜனங்கள், கையில் பழைய போன், லாட்ஜ் அறையில் ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதனால் பேட்டரி மாற்றுகிற வேலையில் அந்தப் பக்கத்துக் கடைகளுக்குக் கை பழகியிருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் நுழைந்த கடையின் பெயர் வேண்டாம். அங்கே எடுத்துக் காட்டிய பேட்டரியில் 3,500 எம்ஏஎச் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. எம்ஏஎச் என்பது பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்கிற அளவு. ஐபோன் 7இல் கம்பெனி வைத்தது 1,960 எம்ஏஎச். வோல்டேஜ் 3.8. இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 7.45 வாட் அவர், அதாவது பேட்டரியில் அடங்குகிற மொத்த மின்சக்தி, கம்பெனி லேபிளிலேயே அது இருக்கும். 3,500 என்பது உண்மையானால் 13.3 வாட் அவர் வர வேண்டும், அதாவது அதே பள்ளத்துக்குள் கிட்டத்தட்ட 80 சதவீதம் அதிகம். அரைப்படி டப்பாவில் ஒரு படி அரிசி போட்டேன் என்கிற கதை. லித்தியம் செல்லில் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்பதை அதன் கன அளவும் உள்ளே பூசியிருக்கும் பொருளும்தான் முடிவு செய்கின்றன, லேபிள் இல்லை. கடைக்காரர் "கேரண்டி சார், கேரண்டி சார்" என்று இரண்டு முறை சொன்னார், பேட்டரியில் பிஐஎஸ், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரை எங்கே என்று கேட்டதும் அதைத் திரும்ப டிராயரில் போட்டுவிட்டார்.

அந்த முத்திரை விஷயம் எல்லாரும் கவனிக்க வேண்டியது. இந்தியாவில் விற்கிற போன் பேட்டரிக்கு ஐஎஸ் 16046 தரப்படி பதிவு கட்டாயம், லேபிளில் அந்தத் தர எண்ணும் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் என்ற ஆப்பில் அந்த எண்ணை அடித்தால் யார் பெயரில் பதிவு என்று காட்டும். எண்ணையும் திருடி அச்சடிக்கிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள், ஆனால் எண்ணே இல்லாத பேட்டரியை வாங்குவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

நான் கடைசியில் கொடுத்த கடை காந்தி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருக்கிறது. பெயர்ப் பலகையே பாதி மறைந்த கடை, ஒரு மேசை, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு பாய். ஐம்பதைத் தாண்டியவர். நான் பெரிய பேட்டரி வேண்டும் என்றதும் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "எடம் அதே எடம்தான்ணா, அதுல எவ்ளோ புடிக்குதோ அவ்ளோதான் புடிக்கும், நம்பர் அச்சடிக்க இன்னா செலவு?" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கே ஒரு ஸ்டார் கொடுத்துவிட்டேன். அவரிடம் இரண்டு பேட்டரி இருந்தது. ஒன்று சாதாரண 1,960. இன்னொன்று 2,300 என்று போட்டது, நானூறு ரூபாய் கூடுதல், கூலியோடு ஆயிரத்து அறுநூறு. "பாய், இது நிஜமா 2,300 வருமா?" என்றேன். "வராது. ரெண்டாயிரத்துக்கு மேல வரும். போட்டுப் பாருங்க, வரலைன்னா கழட்டிட்டு சாதா போட்டுத் தரேன், நானூறையும் தரேன்" என்றார்.

பேட்டரி பெரிதாவதில் மாயமில்லை. பத்து வருடத்தில் செல் செய்யும் தொழில் நிஜமாகவே முன்னேறியிருக்கிறது, அதே கன அளவில் கொஞ்சம் கூடுதலாக அடைக்க முடிகிறது. அது ஒரு வழி. இன்னொரு வழி, பள்ளத்தில் கம்பெனி விட்டுவைத்த காலி இடத்தையும் சேர்த்து நிரப்புவது. மூன்றாவது, உள்ளே மின்முனைப் பூச்சைத் தடிமனாக்குவது. பின்னால் சொன்ன இரண்டுக்கும் விலை உண்டு. காலி இடம் சும்மா விட்டது இல்லை, வயதாகும்போது பேட்டரி கொஞ்சம் உப்பும், அதற்காக விட்ட இடம் அது. அதை நிரப்பிவிட்டால் உப்பும்போது டிஸ்ப்ளேயைக் கீழிருந்து முட்டும், திரையில் வெள்ளைத் திட்டு தெரிய ஆரம்பிக்கும். பூச்சு தடிமனானால் திடீர்க் கரண்ட் கொடுப்பதில் சுணங்கும், சூடும் கூடும். அதனால் 15, 20 சதவீதம் கூடுதல் என்று சொன்னால் பாதியாவது நம்பலாம், அதற்கு மேல் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க விட்டார், இது பல கடைகளில் கிடைக்காத சலுகை. முதலில் சார்ஜ் எவ்வளவு என்று கேட்டார். 60க்கு மேல் இருந்தது. டார்ச்சைப் போட்டு, வீடியோவை ஓடவிட்டு, "டீ சாப்ட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். 25 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் திறந்தார். நிறைய சார்ஜ் இருக்கிற பேட்டரியில் தெரியாமல் கம்பி பட்டாலோ மடங்கினாலோ தீப்பிடிக்கிற வேகம் வேறு, காலியாக இருப்பதில் வேறு. இதைச் செய்கிறாரா இல்லையா என்பதை வைத்தே ஒரு கடையை எடை போடலாம்.

அடிப்பக்கம் சார்ஜிங் ஓட்டைக்கு இருபுறமும் உள்ள இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, கீழ் விளிம்பைச் சூடு காட்டி, உறிஞ்சு கப் வைத்து மெல்ல இழுத்தார். இந்த மாடலில் திரையின் ஒயர்ப் பட்டைகள் வலப்பக்கம் இருக்கின்றன, அதனால் இடப்பக்கத்தைத் தூக்கி வலப்பக்கமாகச் சாய்க்க வேண்டும். ஐபோன் 6 திறந்த பழக்கத்தில் கீழிருந்து மேலே தூக்கினால் பட்டை கிழியும், அப்புறம் டிஸ்ப்ளே செலவு தனி. ஹோம் பட்டனும் திரையோடுதான் இருக்கிறது, அது மதர்போர்டோடு ஜோடி சேர்க்கப்பட்டது, அது போனால் வெளிக்கடையில் யாராலும் கைரேகையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. யூடியூப் பார்த்து வீட்டிலேயே செய்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

மற்ற எதையும் தொடுவதற்கு முன்னால் பேட்டரி கனெக்டரைக் கழற்றினார். அதிர்வு மோட்டாரை எடுத்தார், பேட்டரியை ஒட்டிப் பிடித்திருக்கும் பசைப் பட்டைகளின் முனை அதற்கு அடியில்தான் ஒளிந்திருக்கிறது. பட்டையைக் கிட்டத்தட்டப் படுத்த கோணத்தில் மெதுவாக, மிக மெதுவாக இழுத்தார். ஒன்று முழுசாக வந்தது, ஒன்று பாதியில் அறுந்தது. இந்த இடத்தில்தான் அவசரக்காரர்கள் ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு நெம்புவார்கள். பாய் பசையை இளக்க ஒரு சொட்டு ஐபிஏ ஆல்கஹால் விட்டு, ஒரு தடிமனான நூலைப் பேட்டரிக்கு அடியில் விட்டு அறுத்து எடுத்தார். பழைய பேட்டரி வளையவே இல்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே கை தட்டலாம் போல இருந்தது.

புதுசைப் பொருத்தும்போது ஒரு காரியம் செய்தார். கனெக்டரை மட்டும் மாட்டி, ஒட்டாமல், போனை ஆன் செய்து, சார்ஜ் ஏறுகிறதா, வெப்ப சென்சார் சரியாகப் பேசுகிறதா என்று பார்த்தார். அப்புறம்தான் ஒட்டினார். மூடியதும் திரை ஒரு விளிம்பிலும் தூக்கிக்கொண்டு நிற்கவில்லை, இதை நீங்களே வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கலாம். தூக்கியிருந்தால் பேட்டரி தடிமன் அதிகம் என்று அர்த்தம், அப்போதே மாற்றச் சொல்லுங்கள், அமுக்கி மூட விடாதீர்கள்.

இனி பலன். ஒருமுறை முழுசாக இறக்கி முழுசாக ஏற்றிய பிறகு கம்ப்யூட்டரில் இணைத்து, பேட்டரிக்குள் இருக்கும் சின்ன சிப் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 2,150ஐ ஒட்டிக் காட்டியது. பாய் சொன்ன வாக்குப்படியே, லேபிள் சொன்னபடி இல்லை. இப்போது கணக்கைப் பாருங்கள். பழைய பேட்டரி 78 சதவீதம் என்றால் சுமார் 1,530. அங்கிருந்து சாதாரணப் புதுப் பேட்டரி போட்டாலே 430 கூடியிருக்கும். பெரியது போட்டதால் அதற்கு மேல் கிடைத்தது 190. ஆக, எனக்குக் கிடைத்த கூடுதலில் பத்தில் ஏழு பங்கு புதுசுக்கு, மூன்று பங்குதான் பெருசுக்கு. முன்பு ராணிப்பேட்டையில் மதியச் சாப்பாட்டுக்குள் சார்ஜரைத் தேடுவேன், இப்போது சாயங்காலம் சத்துவாச்சாரி வரும் வரை தாங்குகிறது. ஹாட்ஸ்பாட் ஓடவிட்ட நாளில் தாங்காது, அதற்கு எந்தப் பேட்டரியும் இந்தப் போனில் பத்தாது.

கேமரா திறந்தால் அணைகிற வியாதி அடியோடு போய்விட்டது. சார்ஜ் ஏற முன்பைவிட நேரம் பிடிக்கிறது, அது எதிர்பார்த்ததுதான். எவ்வளவு கரண்ட் உள்ளே விடுவது என்று தீர்மானிப்பது போன், பேட்டரி பெரிதானால் அதே வேகத்தில் நிரம்ப அதிக நேரம் ஆகத்தானே செய்யும். ஐபோன் 8இலிருந்து வந்த வேக சார்ஜ் இதில் கிடையாது. பேட்டரி ஹெல்த் 100 என்று காட்டுகிறது, அதைப் பார்த்துப் பூரிக்க வேண்டாம். அந்தப் பக்கம் 100க்கு மேல் காட்டாது, சில மட்டமான பேட்டரிகளின் சிப்பில் எப்போதும் 100 என்று எழுதியே அனுப்புகிறார்கள். நல்லவேளை, ஐபோன் 7இல் "தெரியாத பார்ட்" என்ற எச்சரிக்கை வராது, அது எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் மாடல்களிலிருந்து ஆரம்பித்த தலைவலி.

குறைகளும் இருக்கின்றன. பில் கிடையாது, ஒரு விசிட்டிங் கார்டின் பின்னால் தேதி எழுதி "மூணு மாசம்" என்று கொடுத்தார், அவ்வளவுதான் வாரண்டி. இந்தப் போன் தண்ணீருக்கு ஓரளவு தாங்கும் என்று ஐபி67 சான்று வாங்கியது, திறந்ததுமே அந்த ஓரப் பசை போய்விடுகிறது. புதுப் பசைப் பட்டை போடச் சொல்லி நான் கேட்ட பிறகுதான் போட்டார், அதற்குத் தனியாக நூறு ரூபாய். கேட்காதவர்களுக்குப் போடுவதில்லை போல. ஐப்பசி மழையில் வண்டியில் போகிறவர்கள் கேட்டு வாங்குங்கள், போட்ட பிறகும் கம்பெனி அளவுக்குத் தாங்கும் என்று நம்பாதீர்கள்.

எனக்கு நிஜமாகக் கோபம் வந்த விஷயம் ஒன்று. கழற்றிய பேட்டரிகளை, அதில் பல உப்பிப் பலூனாக இருந்தவை, ஒரு அட்டைப் பெட்டியில் வாசல் ஓரம் வைத்திருக்கிறார். மதியத்துக்கு மேல் அந்த இடத்தில் நேர் வெயில். ஒன்று பற்றினால் மொத்தப் பெட்டியும் பற்றும், சந்தில் தீயணைப்பு வண்டி நுழையாது. "பாய், மணல் போட்ட தகர டப்பால உள்ள வைக்கலாம்ல?" என்றேன். "பழைய சாமான்காரன் வாரத்துக்கு ஒருக்கா வந்து எடுத்துனு பூடுவான்ணா" என்றார். பழைய பேட்டரியை முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்ப 2022இல் தனி விதிகளே வந்துவிட்டன, அந்தச் சந்துக்குள் அது இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. இதற்காக ஒரு ஸ்டார் கழித்தேன், கழித்ததை அவரிடமே சொல்லியும் விட்டேன்.

ஆண்ட்ராய்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்தப் பக்கம் இன்னும் ரெட்மி நோட் 4 நிறைய பேர் கையில் பார்க்கிறேன். அதன் பேட்டரி பிஎன்43, 4,100 எம்ஏஎச், ஏற்கெனவே இடத்தை நன்றாக நிரப்பிய பேட்டரி, அதைவிடப் பெரிதாக ஒன்று உண்டு என்று யார் சொன்னாலும் லேபிள்தான் பெரிது. அதில் கவனிக்க வேண்டியது வோல்டேஜ். அந்தப் போன் 4.4 வோல்ட் வரை ஏற்றும். எவ்வளவு வரை ஏற்றுவது என்பதும் போன் எடுக்கிற முடிவு, உள்ளே இருக்கிற செல் 4.2 வோல்ட்டுக்குச் செய்த பழைய ரகமாக இருந்தால் ஒவ்வொரு சார்ஜிலும் அது தாங்காத அளவுக்கு ஏறும். உப்புவது அங்கே ஆரம்பிக்கிறது. லேபிளில் எம்ஏஎச்சைவிட அந்தச் சின்ன எழுத்து வோல்ட்டைப் படியுங்கள். பின்மூடியில் கைரேகை சென்சாரின் ஒயர் ஒட்டிக்கொண்டிருக்கும், திறக்கிறவருக்கு அது தெரியுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பேட்டரியை நகத்தால் கழற்றிய காலத்தில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. கேலக்ஸி நோட் 2க்கு இரண்டு பங்கு தடிமனில் பேட்டரி விற்றார்கள், கூடவே முதுகு வீங்கிய ஒரு பின்மூடியும் தருவார்கள், போன் அசிங்கமாக இருக்கும், ஆனால் கூடிய எம்ஏஎச்சுக்கு ஏற்ற இடம் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்காக அந்தக் காலம் பொற்காலம் என்றும் சொல்ல மாட்டேன். நோக்கியா பிஎல்-5சியில் 4 கோடியே 60 லட்சம் பேட்டரி சூடாகலாம் என்று 2007இல் கம்பெனியே எச்சரித்தது, பேட்டரியைக் கழற்றி அதன் எண்ணைப் பார்க்காத வீடே அப்போது இருந்திருக்காது.

வாங்கலாமா என்றால், ஐபோன் 7 வைத்திருந்து, ஹெல்த் 80க்குக் கீழே போயிருந்தால், பேட்டரி மாற்றுங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. வீடு, ஆபீஸ் என்று பிளக் பக்கத்திலேயே இருப்பவர்கள் சாதாரண 1,960 போட்டு நானூறு ரூபாயை மிச்சம் பிடிக்கலாம். என்னைப் போல வெளியில் அலைகிறவர்களுக்கு அந்த 190 எம்ஏஎச் சாயங்காலம் ஒரு அரை மணி, முக்கால் மணி நேரத்தைக் கொடுக்கிறது, நானூறுக்கு அது தகும். ஒரு வெயில் காலம் தாண்டிய பிறகு அது எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்த்து இங்கேயே கீழே சேர்க்கிறேன்.

பேட்டரிக்கு ஐந்துக்கு மூன்றரை, பாயின் கைக்கு ஐந்து, கடைக்கு மொத்தமாக நாலு. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்கு மூடிவிடுவார், மூன்று மணிக்கு மேல் போங்கள். காலையில் ஆஸ்பத்திரிக் கூட்டம் இருக்கும், அப்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க விட மாட்டார். சார்ஜை முன்கூட்டியே 25க்குக் கீழே இறக்கிவிட்டுப் போனால் டீக்கடையில் காத்திருக்கிற நேரம் மிச்சம்.